மனிதர் காலடி படாத பள்ளத்தாக்கா? மிலம் நடைபயணக் குறிப்புகள்

இரண்டு வருஷத்துக்கு முன்னாடி, செப்டம்பர் மாசம், கல்லூரி நண்பர்கள் மூணு பேரோட உத்தரகாண்டில் உள்ள ஜோஹார் பள்ளத்தாக்குக்கு நடைபயணம் போயிருந்தேன். முன்ஸ்யாரியில் கிளம்பி, கோரி கங்கை ஆற்றை ஒட்டியே மேலே ஏறி, மிலம் என்ற கிராமம் வரை போய்த் திரும்ப 8 நாள். வழியெல்லாம் கூடாரத்தில்தான் தூக்கம். ஏற்பாடு செய்தவர்கள் அனுப்பிய குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே, இது மனிதர் காலடி படாத பள்ளத்தாக்கு என்று போட்டிருந்தது. 20 வருஷமா கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கிறவனுக்கு அந்த ஒரு வரி போதாதா? பணம் கட்டிட்டேன்.

மூன்றாம் நாள் மதியம் அந்த வரி உண்மையில்லை என்று தெரிந்துவிட்டது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முன்ஸ்யாரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,200 மீட்டர். அங்கிருந்து லிலம், புக்டியார், ரில்கோட், மார்தோலி, பூர்பூ, பில்ஜூ என்று ஒவ்வொரு ஊராகத் தாண்டினால் சுமார் 3,400 மீட்டரில் மிலம். ஒரு பக்கம் 55 கி.மீ. அளவுக்கு நடை. முதல் இரண்டு நாள் காடு, அருவி, கீழே ஆற்றின் இரைச்சல். பாதை சில இடங்களில் பாறையைக் குடைந்து போட்டது மாதிரி இருக்கும். ரில்கோட் நெருங்கும்போது மரங்கள் காணாமல் போய், பள்ளத்தாக்கு அகலமாகிறது.

அங்கேதான் வீடுகளைப் பார்த்தேன். ஒன்றிரண்டு இல்லை, வரிசை வரிசையாக. கல் சுவர்கள் நிற்கின்றன, கூரை உள்ளே விழுந்து கிடக்கிறது. கூடத்தில் இடுப்பளவுக்குக் காஞ்சொறிச் செடி. ஆனா வாசல்கால்களைப் பார்க்கணுமே! பூவும் கொடியும் செதுக்கிய தேவதாரு மரம். காலடி படாத பள்ளத்தாக்கில் வாசல்கால் எப்படி வந்தது?

எங்கள் வழிகாட்டி அந்தப் பக்கத்துக்காரர்தான், என்னைவிடப் பத்து வயசு சின்னவர். "இது கடைத்தெரு மாதிரி இருந்த ஊர் சார். மேலே மிலத்துல எங்க தாத்தாவோட வீடு இருக்கு, நாளன்னிக்குக் காட்டறேன்" என்றார். ஏதோ பஸ் ஸ்டாப்பைக் காட்டுவது மாதிரி சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் அன்று இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை. ஊருக்குத் திரும்பினதும் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன்.

உப்பும் தானியமும்

ஜோஹார் மக்களை ஷௌக்கா என்பார்கள். அரசாங்கப் பதிவுகளில் போட்டியா. கோடையில் மேலே உள்ள ஊர்கள், குளிர்காலத்தில் கீழே உள்ள ஊர்கள் என்று வருஷம் முழுக்க இடம் மாறி வாழ்ந்தவர்கள். தொழில், திபெத்தோடு வியாபாரம். இங்கிருந்து தானியம், வெல்லம், துணி மேலே போகும். அங்கிருந்து உப்பு, வெங்காரம், கம்பளி கீழே வரும். சரக்கைச் சுமந்தவற்றில் செம்மறியும் வெள்ளாடும் முக்கியம். ஒவ்வொன்றின் முதுகிலும் இருபக்கமும் தொங்கும் சின்னப் பை, ஆட்டுக்குச் சுமார் 10 கிலோ. நூற்றுக்கணக்கான ஆடுகள் வரிசையாகப் போனால் அது ஒரு லாரி லோடு, இல்லையா? முன்ஸ்யாரியில் உள்ளூர்க்காரர் ஒருவர் தொடங்கிய சின்ன அருங்காட்சியகத்தில் அந்தப் பைகளைப் பார்க்கலாம்.

மிலத்தைத் தாண்டினால் ஊண்டா தூரா, ஜெயந்தி, குங்ரி பிங்ரி என்று அடுத்தடுத்து மூன்று கணவாய்கள். மூன்றுமே 5,000 மீட்டருக்கு மேல். நடுவில் பனிப்புயலில் மாட்டினால் தப்புவது கஷ்டம் என்பதால் மூன்றையும் ஒரே மூச்சில் கடக்கப் பார்ப்பார்கள். அந்தப் பக்கம் ஞானிமா சந்தை.

இந்த வியாபாரம் நம்பிக்கையில் ஓடியது. ஒவ்வொரு ஜோஹார் வியாபாரிக்கும் திபெத்தில் ஒரு 'மித்ரா' உண்டு. அவரோடு மட்டும்தான் கொடுக்கல் வாங்கல், அது அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வரும். உறவை உறுதி செய்ய ஒரு கல்லை இரண்டாக உடைத்து ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. யாராவது ஆள் மாறி வந்தால், பாதியும் பாதியும் பொருந்துகிறதா என்று பார்த்தால் போதும். நம்ம ஊர் மென்பொருள் பாஷையில், இரண்டு பக்கமும் பொருந்த வேண்டிய சாவி.

ஆக, டெல்லியிலிருந்தோ சென்னையிலிருந்தோ பார்த்தால்தான் மிலம் உலகத்தின் கடைசி. மிலத்திலிருந்து பார்த்தால் அது இரண்டு உலகங்களுக்கு நடுவில் இருந்த ஊர்.

பரங்கிமலையில் ஆரம்பித்த கதை

இப்போ கொஞ்சம் சென்னைக்கு வரணும். காரணம் இருக்கு.

1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்ப்டன் ஒரு நேர்கோட்டை அளக்க ஆரம்பித்தார். நீளம் ஏழரை மைல். 100 அடி இரும்புச் சங்கிலியை 400 தடவை நீட்டி மடக்கி, 57 நாளில் அளந்து முடித்தார். அந்தக் கோட்டின் மேல் ஒரு முக்கோணம், அதன் மேல் இன்னொன்று என்று கட்டிக்கொண்டே போனதுதான் இந்தியாவின் பெரும் முக்கோண நில அளவை. லாம்ப்டனுக்குப் பிறகு ஜார்ஜ் எவரெஸ்ட், ஆண்ட்ரூ வாஹ் என்று தொடர்ந்து, 50 வருஷத்துக்குள் இமயமலை அடிவாரம் வரை போய்விட்டது.

அங்கே ஒரு சிக்கல். இந்த முறைக்கு அரை டன் எடையுள்ள தியோடலைட் வேண்டும், அதைத் தூக்க ஆள் வேண்டும், மலை உச்சிகளில் கொடி நட வேண்டும். அதாவது, நிலம் உன் கையில் இருக்க வேண்டும். திபெத்தோ வெள்ளைக்காரர்களுக்கு மூடியிருந்தது. தெற்கேயிருந்து பனிச்சிகரங்களைக் குறி பார்த்து உயரத்தைக் கணக்குப் போடலாம். சிகரத்துக்குப் பின்னாடி என்ன இருக்கிறது என்று தெரியாது. 1860-களிலும் லாசா நகரம் சரியாக எங்கே இருக்கிறது என்பது ஐரோப்பாவின் வரைபடங்களில் ஊகம்தான்.

நில அளவைத் துறையில் இருந்த தாமஸ் மாண்ட்கோமரி என்ற அதிகாரிக்கு ஒரு யோசனை வந்தது. வெள்ளைக்காரன் போக முடியாத இடத்துக்கு உள்ளூர் ஆட்கள் போய் வருகிறார்களே, அவர்களுக்கே அளக்கக் கற்றுக்கொடுத்தால் என்ன? 1863-இல் மிலத்திலிருந்து இரண்டு பேர் டேராடூனுக்குப் பயிற்சிக்கு வந்தார்கள். நைன் சிங் ராவத், அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் மணி சிங் ராவத். நைன் சிங் ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். அதனால்தான் பண்டிட் என்ற பெயர்.

மிலத்துக்காரர்களுக்கு இது முதல் அனுபவம் இல்லை. 1812-இல் வில்லியம் மூர்கிராஃப்ட் என்ற கால்நடை மருத்துவர் மாறுவேஷத்தில் திபெத்துக்குப் போனபோது, கூடவே போன ஹர்க் தேவ் பண்டிட் வழியெல்லாம் காலடியால் அளந்துகொண்டு நடந்தார். திரும்பும் வழியில் கூர்க்காப் படை அவர்களைப் பிடித்து வைத்தபோது உதவியவர்கள் மிலத்து ராவத் குடும்பத்தார். பிறகு 1855-இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஷ்லாகிண்ட்வைட் சகோதரர்கள் மிலத்தில் ஆள் எடுத்தபோது, அவர்களோடு போனவர்களில் இளைஞன் நைன் சிங்கும் ஒருவர்.

100 மணி மாலை

பயிற்சியின் முக்கியப் பாடம் நடப்பது. ஏற்றமோ இறக்கமோ சமதளமோ, காலடி ஒரே நீளமாக இருக்க வேண்டும். சுமார் 2,000 காலடிக்கு ஒரு மைல். ஒரு மைலுக்கு 63,360 அங்குலம் என்பதால் ஒரு காலடி 32 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது 80 செ.மீ.

எண்ணுவதற்கு ஜெபமாலை. வழக்கமாக 108 மணி இருக்கும், இவர்களுடைய மாலையில் 100. நூறு காலடிக்கு ஒரு மணியை நகர்த்த வேண்டும். மாலை ஒரு சுற்று முடிந்தால் 10,000 காலடி, 5 மைல். கையில் பிரார்த்தனைச் சக்கரம், அதற்குள் மந்திரச் சுருளுக்குப் பதிலாக அளவைக் குறிப்புகள். யாராவது பேச்சுக் கொடுக்க வந்தால் சக்கரத்தைச் சுற்றி முணுமுணுக்க ஆரம்பித்தால் போதும், ஜெபம் செய்கிறவரை யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். கைத்தடிக்குள் தெர்மாமீட்டர். பெட்டியின் ரகசிய அறையில், நட்சத்திரத்தின் கோணம் அளக்கும் செக்ஸ்டன்ட். சோழிக்குள் பாதரசம், ராத்திரி அதைக் கிண்ணத்தில் ஊற்றினால் ஆடாத கண்ணாடி மாதிரி நிற்கும். வானத்தில் தெரியும் நட்சத்திரத்துக்கும் பாதரசத்தில் தெரியும் அதன் பிம்பத்துக்கும் நடுவே உள்ள கோணத்தை அளந்து பாதியாக்கினால் நட்சத்திரத்தின் உயரக்கோணம். அதிலிருந்து அட்சரேகை.

மலையின் உயரத்துக்கு வெந்நீர்தான் கருவி. மேலே போகப் போகத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும், சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி செல்சியஸ் வீதம். மிலத்தில் எங்கள் சமையல்காரர் பிரஷர் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்று அலுத்துக்கொண்டார். அங்கே தண்ணீர் 89 டிகிரியிலேயே கொதித்துவிடும். நைன் சிங் அதே விஷயத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டார்.

இதையெல்லாம் போவதற்கு முன்னாடியே மேலோட்டமாகப் படித்திருந்ததால், எனக்கும் ஒரு ஆசை. முன்ஸ்யாரி கடைவீதியில் ஒரு மாலை வாங்கி 8 மணியை உருவிப் போட்டுவிட்டு, லிலத்திலிருந்து புக்டியார் வரை எண்ணிப் பார்த்தேன். சமதளத்தில் என் காலடி 75 செ.மீ. என்று முன்கூட்டியே அளந்து வைத்திருந்தேன். முதல் ஒரு மணி நேரத்தில் மூன்று தடவை எண்ணிக்கை தவறியது. ஒரு தடவை கோவேறு கழுதைக் கூட்டத்துக்கு ஒதுங்கி நின்றபோது, ஒரு தடவை நண்பன் தண்ணீர் பாட்டில் கேட்டபோது, இன்னொரு தடவை சும்மாவே. எப்படியோ ஒப்பேற்றி சாயங்காலம் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 16 கி.மீ. வந்தது. கையில் இருந்த ஜி.பி.எஸ். கடிகாரம் 12 கி.மீ. சொச்சம் என்றது. காரணம் எளிது. ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது நம்மையறியாமல் காலடி சின்னதாகிறது. ஒரே நாளில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் பிழை!

நைன் சிங் 1865-இல் காட்மாண்டு வழியாகக் கிளம்பி, முதல் முயற்சியில் எல்லையில் திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடியும் வேறு வேஷத்தில் போய், 1866 ஜனவரியில் லாசாவை அடைந்தார். திரும்பும்போது சாங்போ ஆற்றை ஒட்டி மேற்கே மானசரோவர் வரை வந்து இந்தியாவுக்கு இறங்கினார். மொத்தம் சுமார் 1,200 மைல். பெருக்கிப் பாருங்கள், 24 லட்சம் காலடி.

சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்து பெரிசாகிவிடாதா? இங்கேதான் கணக்கின் அழகு. வடக்கு தெற்காகப் போகும் பகுதிகளில், நட்சத்திரம் பார்த்துக் கண்ட அட்சரேகைகளின் வித்தியாசத்தையும் காலடி எண்ணிக்கையையும் ஒப்பிட்டால், அவருடைய உண்மையான காலடி நீளம் தெரிந்துவிடும். கிழக்கு மேற்காகப் போகும்போது அட்சரேகை உதவாது, தீர்க்கரேகைக்குத் துல்லியமான கடிகாரம் வேண்டும். அது இல்லாத இடத்தில், ஏற்கெனவே சரிபார்த்த காலடியை நம்பலாம். ஒரு கருவியின் பிழையை இன்னொரு கருவியால் திருத்துவது. இன்று உங்கள் போனுக்குள் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான்.

லாசாவில் கைக்காசு கரைந்தபோது, வாத்தியார் புத்தி கைகொடுத்தது. அங்கிருந்த வியாபாரிகளுக்கு நம்ம ஊர் முறையில் கணக்கு எழுதச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். அதே நகரத்தில், அனுமதியில்லாமல் நுழைந்த ஒருவரின் தலை வெட்டப்பட்டதையும் பார்த்தார். பிறகு 1874-75-இல் லேயிலிருந்து லாசா, தவாங் வழியாக அசாம் வரை இன்னொரு நெடும்பயணம். 1877-இல் லண்டன் ராயல் ஜியாகிரஃபிகல் சொசைட்டி தங்கப் பதக்கம் கொடுத்தது.

அவருடைய குடும்பத்தைச் சேர்ந்த கிஷன் சிங் ராவத்தின் கதை இன்னும் கனமானது. அறிக்கைகளில் அவர் பெயர் 'ஏ-கே' மட்டும்தான். 1878 முதல் 1882 வரை திபெத்தைக் குறுக்கே கடந்து துன்ஹுவாங் வரை போனார், சுமார் 2,800 மைல். ஒரு கட்டத்தில் கூட வந்த கூட்டத்தார், கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து, குதிரையில்தான் வர வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார்கள். அவர் குதிரையின் காலடியை எண்ணினார். நாலரை வருஷம் கழித்து வீடு திரும்பியபோது அவருடைய ஒரே மகன் இறந்துபோயிருந்தான்.

வரைபடம் வந்த பிறகு

இவர்களை வீரர்கள் என்று கொண்டாடிவிட்டு முடித்துவிடலாம். நைன் சிங்குக்கு 2004-இல் தபால் தலையும் வந்தது. ஆனா அதோடு நிறுத்தினால் பாதிக் கதைதான்.

நைன் சிங்கால் திபெத்தில் தாக்குப்பிடிக்க முடிந்ததற்கு ஜெபமாலை மட்டும் காரணம் இல்லை. ஜோஹார்க்காரர்களுக்குத் திபெத்தின் பாஷை தெரியும், பழக்கவழக்கம் தெரியும், அங்கே அவர்கள் அந்நியர்கள் இல்லை. தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த நம்பிக்கை அது, அந்த உடைந்த கல்லின் இரண்டு பாதி. நில அளவைத் துறை அந்த நம்பிக்கையின் மேல் ஏறித்தான் உள்ளே போனது. அதற்கு விலை கொடுத்தவர்களும் உண்டு. இதே வேலையாகப் பிறகு திபெத் போன வங்காளி சரத் சந்திர தாஸுக்கு இடம்கொடுத்த சென்சென் லாமா, அந்தக் குற்றத்துக்காக 1887-இல் கொல்லப்பட்டார்.

1904-இல் பிரிட்டிஷ் படை லாசாவுக்குள் நுழைந்தது. 40 வருஷத்துக்கு முன்னால் ஊகமாக இருந்த ஊருக்கு அப்போது வழி தெரிந்திருந்தது. வழியாக இருந்த மலை மெல்ல எல்லையாக மாறியது. 1954-இல் இந்தியாவும் சீனாவும் போட்ட பஞ்சசீல ஒப்பந்தத்தில், வியாபாரிகளும் யாத்திரிகர்களும் போக ஆறு கணவாய்களைப் பெயர் சொல்லி அனுமதித்தார்கள். அதில் ஒன்று ஜோஹாரின் குங்ரி பிங்ரி. ஒப்பந்தத்தின் ஆயுள் 8 வருஷம். 1962 ஜூனில் காலாவதியானது, புதுப்பிக்கவில்லை. அக்டோபரில் போர். கணவாய் மூடியது.

அந்த ஆறில் லிபுலேக் 1992-இல் மறுபடி திறந்தது, பிறகு ஷிப்கி லா. குங்ரி பிங்ரி திறக்கவில்லை. திபெத்தை அளந்து உலகத்துக்குக் காட்டிய ஊருக்கே திபெத்துக்கு வழியில்லாமல் போனது. ஆடுகளுக்குச் சரக்கு இல்லை. குடும்பங்கள் கீழேயே தங்கிவிட்டன. 1967-இல் போட்டியாக்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள், பிள்ளைகள் படித்தார்கள், அரசாங்க வேலைக்குப் போனார்கள். யாரும் அழிந்துவிடவில்லை, வாழ்க்கை இடம் மாறியது. வீடுகள் மட்டும் அங்கேயே நின்றன.

மிலத்தில் ஒரு மாலை

ஐந்தாம் நாள் மிலம் போய்ச் சேர்ந்தோம். எல்லைக் காவலர்களின் முகாமில் அடையாள அட்டையைக் காட்டிப் பதிவு செய்துவிட்டு, ஊருக்குள் நடந்தால் சந்துகள் போய்க்கொண்டே இருக்கின்றன. ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள். இப்போ கோடையில் மட்டும் சில குடும்பங்கள் மேலே வந்து உருளைக்கிழங்கும், ஜம்பு என்கிற வெங்காய வாசனை மூலிகையும் பயிரிடுகிறார்கள். வழிகாட்டி சொன்னபடியே தாத்தா வீட்டைக் காட்டினார். நான்கு சுவர், ஒரு வாசல்கால். உள்ளே போகவில்லை, வாசலைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

பக்கத்தில் ஜம்பு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டி எங்களுக்கு உப்புப் போட்ட டீ கொடுத்தார். "இவ்வளவு தூரத்தில் எப்படி மாதாஜி தனியா இருக்கீங்க?" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் கேட்டேன். "எதிலிருந்து தூரம் பேட்டா?" என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே நான் எந்த ஊர் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சென்னை என்றேன். "ஆமா, அது ரொம்ப தூரம்தான்" என்று எனக்காகப் பரிதாபப்பட்டார்.

திரும்பி வந்ததும் நடைபயண நிறுவனத்துக்குக் கருத்துப் படிவத்தில் ஒன்றே ஒன்று எழுதினேன். காலடி படாத என்ற வரியை எடுத்துவிடுங்கள், உலகத்திலேயே காலடிகளை இவ்வளவு கவனமாக எண்ணிய ஊர் இன்னொன்று இருக்குமா என்று தெரியவில்லை. இன்னும் பதில் வரவில்லை.

நீங்கள் அந்தப் பக்கம் போனால் இரண்டு விஷயம் செய்யுங்கள். மலையுச்சியைப் படம் எடுத்து முடித்ததும், பாதையோரத்து வாசல்கால்களையும் நின்று பாருங்கள். உங்கள் வழிகாட்டியிடம் இது யார் வீடு என்று கேளுங்கள். இப்போ முன்ஸ்யாரியிலிருந்து மிலத்துக்கு எல்லைச் சாலை போடும் வேலை நடக்கிறது. சாலை முழுசாக வந்துவிட்டால் இந்த ஊர்களை ஜன்னல் வழியாகத்தான் பார்ப்போம்.

நைன் சிங்கின் நாட்குறிப்புகளை உமா பட்டும் சேகர் பாடக்கும் ஹிந்தியில் தொகுத்திருக்கிறார்கள், 'ஏசியா கீ பீட் பர்' என்ற பெயரில். ஆசியாவின் முதுகின் மேல் என்று அர்த்தம். அகராதியை வைத்துக்கொண்டு மெதுவாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். முடித்ததும் கிஷன் சிங்கைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.